பாதி விலை

650 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த சட்டையில் 1,299 என்று அச்சடித்த டேக்கைக் கட்டினேன். கடை வாசலில் 50 சதவீதத் தள்ளுபடி என்று பேனர் வைத்தேன். அதே சட்டையை 649 ரூபாய்க்கு விற்றேன். நான் குறைத்தது ஒரு ரூபாய். அதைப் பாதி விலை என்று ஊருக்குச் சொன்னேன்.

இராஜபாளையத்தில் ஆண்கள் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. நான் சொல்வது 2018 ஆடி மாதம் நடந்தது. அப்போது கடன் என் கழுத்தை நெரிக்கவில்லை. வீட்டில் யாரும் நோயில் படுத்திருக்கவில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

அப்பா காலத்தில் கல்லாவுக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்கும். ‘கறார் விலை’ என்று எழுதியிருக்கும். சரக்கு வந்து இறங்கிய விலை, அதன்மேல் கடைச் செலவு, அதன்மேல் கொஞ்சம் லாபம். இவ்வளவுதான் அவர் கணக்கு. மில் மேனேஜர் வந்தாலும் மில் தொழிலாளி வந்தாலும் அதே விலை. யாராவது பேரம் பேசினால் பதில் சொல்லமாட்டார். சட்டையை மடித்து உள்ளே வைத்துவிடுவார். சிலர் கோபித்துக்கொண்டு படியிறங்குவார்கள். பெரும்பாலும் மறுபடி வருவார்கள். எனக்கு அந்தப் பலகையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கடைக்குக் கண்ணாடி போட்டபோது முதல் வேலையாக அதைக் கழற்றினேன். அப்பாவுக்கு வியாபாரம் தெரியாது, பிடிவாதம்தான் தெரியும் என்று நினைத்தேன். இந்தக் கதையில் என் கர்வம் அங்கே தொடங்குகிறது.

பயம் பிறகு வந்தது. பக்கத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை திறந்தார்கள். மாடி மேல் மாடி, ஏசி, லிஃப்ட். ஆடி பிறப்பதற்கு முன்பே வாசலை மறைக்கும் அளவுக்குப் பேனர். ஆடியில் எங்கள் பக்கம் முகூர்த்தம் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போகிற கூட்டம் உண்டு, ஆனால் அந்தக் கூட்டம் எங்கள் கடையில் சட்டை எடுக்க வருவதில்லை. துணிக்கடைக்கு அது எப்போதுமே மந்தமான மாதம். அந்த வருடம் ஈ ஓட்டினோம். வந்த ஒன்றிரண்டு பேரும் அந்தப் பேனரைக் கையால் காட்டி, “அங்க பாதி விலை போட்டிருக்கான். நீங்க என்ன குறைப்பீங்க அண்ணாச்சி?” என்று கேட்டார்கள்.

என்னால் குறைத்திருக்க முடியும். அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் துணி எடுத்து, மதுரையில் ஜாப் ஒர்க்கில் கொடுத்துத் தைத்து, பெட்டி கட்டிக் கடைக்கு வரும்போது அந்தச் சட்டை எனக்கு 400 ரூபாயைக் கொஞ்சம் தாண்டும். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் கழித்தாலும் பத்து சதவீதம் நிஜமாகவே குறைத்து 585-க்கு விற்றிருக்கலாம். ஆனால் பத்து சதவீதம் என்று எழுதினால் யார் கண்ணில் படும் என்று நினைத்தேன். உண்மையான 65 ரூபாயை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. பொய்யான 650 ரூபாயை விட்டுக்கொடுக்க எந்தத் தயக்கமும் இல்லை.

வழி எளிது. வேறு கம்பெனி சட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் குற்றம். அந்த விலையை மறைத்து மேலே ஸ்டிக்கர் ஒட்டினாலும் குற்றம். ஆனால் இது என் சொந்த லேபிள். தைக்கக் கொடுத்தவன் நான், விலை அச்சடிப்பவனும் நான். இவ்வளவுக்கு மேல் எம்.ஆர்.பி. போடக்கூடாது என்று சட்டைக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது. வரி இடிக்குமோ என்று ஆடிட்டரைக் கேட்டேன். அப்போது ஆயிரம் ரூபாய் வரை 5 சதவீத ஜி.எஸ்.டி., தாண்டினால் 12. வரி விற்ற விலைக்குத்தான், டேக்கில் உள்ள விலைக்கு இல்லை என்றார். ஆக 1,299 என்ற எண்ணுக்கு எனக்கு ஆன செலவு, சிவகாசியில் டேக் அடித்த கூலி மட்டும். இன்னொன்றும் செய்தேன். பில்லில் 649 மட்டும் வந்தால் போதும், டேக் விலை வரவேண்டாம் என்று கம்ப்யூட்டரில் மாற்றச் சொன்னேன். எதற்கு என்று பில் போடும் பெண் கேட்டாள். பேப்பர் மிச்சம் என்றேன். எழுத்தில் எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் காரணம்.

கடையில் அப்பா காலத்திலிருந்து ஒரு சேல்ஸ்மேன் இருந்தார். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். வாடிக்கையாளர் முன்னால் என்னை ‘முதலாளி’ என்பார், தனியாக இருந்தால் ‘தம்பி’. புது டேக் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, போன வாரம் இதே சட்டைய 650-ன்னு குடுத்த வாயி இது. இப்ப 1,299-ன்னு எப்படிச் சொல்லட்டும்?” என்றார்.

“நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்ணே. டேக் சொல்லும்” என்றேன்.

இந்தப் பதிலை ரொம்ப நாள் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டேக் சொல்லத்தான் செய்தது. அதுவரை எங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் துணியை விரலால் தடவிப் பார்ப்பார்கள். காலரைத் திருப்பிப் பார்ப்பார்கள். தையலை இழுத்துப் பார்ப்பார்கள். மில்லில் நூலோடு வேலை செய்கிற ஊர் இது, கவுண்ட் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆடியில் முதலில் டேக்கைத் தேடினார்கள். 1,299 என்றதும் சட்டை அவர்கள் கண்ணுக்கே வேறாகத் தெரிந்தது. போன மாதம் “650 கொஞ்சம் ஜாஸ்தி” என்று வைத்துவிட்டுப் போன ஒருவர் அதே சட்டையில் இரண்டு எடுத்தார். துணி அதே துணி. தையல் அதே தையல்.

ஆண்களிடம் விற்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மனைவியோ மச்சானோ பக்கத்தில் நின்றால் பெரும்பாலான ஆண்கள் விலை பேசக் கூச்சப்படுவார்கள். விலை கேட்பதற்கே கூச்சப்படுவார்கள். இரண்டு மூன்று சட்டை பார்ப்பதற்குள் முடித்துக்கொண்டு வெளியே போகவேண்டும். அவர்களுக்கு டேக் ஒரு வசதி. வாய் திறக்காமலே 1,299 சட்டையை 649-க்கு ஜெயித்துவிட்டதாக ஒரு நிறைவு. அந்தக் கூச்சத்தையும் அந்த நிறைவையும் நான் நன்றாகத் தெரிந்து பயன்படுத்தினேன்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எங்கள் சட்டையில் பாதி, வாங்குகிறவர் போட்டுக்கொள்வதற்கு இல்லை. தாய்மாமன் சீருக்கு, சம்பந்திக்கு, தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு. அப்படி எடுக்கிறவர்கள் டேக்கைக் கிழிக்கமாட்டார்கள். கொடுக்கிறவரின் மரியாதை அந்த டேக்கில் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். அதனால் பரிசுப் பெட்டியில் சட்டையை மடிக்கும்போது டேக் மேலே தெரியும்படி மடிக்கச் சொல்லியிருந்தேன். பொய் என் கடையோடு நிற்கவில்லை. தாம்பாளத்தில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போனது. கொண்டுபோனவருக்கே அது பொய் என்று தெரியாது.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிற ஒருவர் ஆடி கடைசி வாரத்தில் வந்தார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்கென்று பத்துப் பன்னிரண்டு சட்டை எடுத்தார். ரொம்பச் சந்தோஷமாகப் போனார். “ஆயிரத்து முந்நூறு ரூபா சட்டை. வேற நாள்ல நம்மால எடுக்க முடியுமா?” என்று என்னிடமே சொன்னார். நான் சிரித்தேன்.

ஆடி முடிந்ததும் பேனரை இறக்கினோம். மிச்சமிருந்த சட்டைகளில் 1,299 டேக்கை அறுத்துவிட்டுப் பழைய 650 டேக்கைக் கட்டினோம். தீபாவளிக்கு மறுபடி அந்த டேக் தேவைப்படும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆவணியில் அவர் திரும்ப வந்தார். கூட மாப்பிள்ளையின் சித்தப்பா. இரண்டு சட்டைக்கு அளவு மாற்ற வேண்டும். சேல்ஸ்மேன் அண்ணன் ரேக்கிலிருந்து 42 சைஸ் எடுத்துப் போட்டார். அதில் 650 டேக். கையில் இருந்த சட்டையில் 1,299 டேக். சித்தப்பா இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ரேக்கில் இருந்த மற்ற சட்டைகளையும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் 650. பில்லை வாங்கிப் பார்த்தார். அதில் 649 மட்டும்.

அவர் என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெண்ணின் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். “அறுநூத்தம்பது ரூபா சட்டைக்கு ஆயிரத்து முந்நூறு டேக்க மாட்டி எங்க வீட்டுத் தாம்பாளத்துல வச்சிருக்கீங்க. யார ஏமாத்தப் பாக்குறீங்க?”

அந்த மனிதர் முதலில் புரியாமல் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க அண்ணாச்சி.”

நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அந்த டேக்கைக் கட்டியது நான்தான். இதைச் சொன்னால் அவர் மானம் அங்கேயே மீண்டிருக்கும். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். இரண்டு பேர் ஆடியில் எங்களிடம் சட்டை எடுத்தவர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெண்ணைப் பெற்றவரைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேரைத்தான் பார்த்தேன். அவர்கள் வெளியே போய் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

சேல்ஸ்மேன் அண்ணன் வாயைத் திறந்தார். “முதலாளி, அது நம்ம ஆடிச் சரக்கு...”

“நீ சும்மா இரு” என்றேன். “டேக்க மாத்திக் கட்டித் தொலைச்சதே நீதான். வயசாகிக் கண்ணு தெரியலேன்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே?”

நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை நான் ‘நீ’ என்று சொன்னதில்லை.

அவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். தவறு தன்னுடையதுதான் என்பதுபோல இருந்தது அது. அதுவும் அந்தத் தகப்பனைக் காப்பாற்றவில்லை. “ஒரு சட்டையில மாறலாம். எல்லாச் சட்டையிலயுமா மாறும்? கடை ஆளக் கையில போட்டுக்கிட்டு நல்லாத்தான் நாடகம் ஆடுறீங்க” என்றார் சித்தப்பா. இரண்டு சட்டையையும் மேசைமேல் போட்டுவிட்டுப் படியிறங்கினார். தகப்பன் பின்னாலேயே ஓடினார். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு பொய்யை மறைக்க இரண்டு நேர்மையான மனிதர்களைக் கூட்டுக் களவாணிகள் ஆக்கினேன். பிறகு அடுத்த வாடிக்கையாளருக்குப் பில் போட்டேன்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. ‘அப்புறம் என்ன, நடந்துடுச்சே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகுதான் அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பெண் பிறந்த வீட்டிலிருந்து எது கொண்டுபோனாலும், பாத்திரமோ பலகாரமோ, ‘இது நெசமாவே இவ்வளவு விலையா, டேக் மாத்துனதா?’ என்று கேட்பார்களாம். விளையாட்டாகத்தான் கேட்பார்களாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த டேக் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அப்போதும் நான் சொல்லவில்லை.

சேல்ஸ்மேன் அண்ணன் மாதக் கடைசி வரை வந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. வருடங்கள் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல முதலாளி” என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ‘தம்பி’ என்று கூப்பிடவில்லை.

அந்தச் சம்பவத்தோடு திருந்தினேன் என்று இங்கே எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். திருந்தவில்லை. அந்தத் தீபாவளிக்கே எடுத்து வைத்த டேக்கைக் கட்டினேன். அடுத்த ஆடியில் 50 சதவீதத்துக்குக் கூட்டம் வரவில்லை, ஏனென்றால் தெருவில் எல்லாக் கடையிலும் 50 சதவீதம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று மாறினேன். அதற்கு டேக்கை 1,599 ஆக்கினேன். அந்த லாபமும் போதவில்லை என்று சரக்கில் கை வைத்தேன். சுத்தக் காட்டன் போய்ப் பாலியஸ்டர் கலப்பு வந்தது. காலருக்குள் வைக்கிற கேன்வாஸ் மட்டமானது, இரண்டு சலவையில் காலர் குமிழ் விடும். மதுரையில் தைக்கிறவர்களிடம் ஒரு சட்டைக்குச் சில ரூபாய் கூலியைக் குறைத்தேன். தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். பேனரில் நான் அள்ளிக்கொடுத்த ‘இலவசம்’ யார் மடியிலிருந்து போனது என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

சாக்கும் வைத்திருந்தேன். மதுரையில் எம்.பி.ஏ. படித்த மகள் ஒருமுறை அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடையைப் பற்றிச் சொன்னாள். ஆப்பிள் கடைகளை உருவாக்கிய ரான் ஜான்சன் என்பவர் அங்கே தலைமைக்கு வந்து, 2012 பிப்ரவரியில் போலித் தள்ளுபடியை எல்லாம் நிறுத்திவிட்டு, தினமும் நியாயமான விலை என்று அறிவித்தார். அந்த ஒரே வருடத்தில் விற்பனை கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘பாத்தியா, ஜனங்களுக்கே தள்ளுபடிதான் வேணும்’ என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்ன இன்னொரு கதையைக் காதில் வாங்கவில்லை. ஜோஸ் ஏ. பேங்க் என்ற ஆண்கள் சூட் கடை. ஒரு சூட் வாங்கினால் மூன்று இலவசம் என்று கொடுத்துக் கொடுத்து, கொட்டியதைத் துடைக்கிற காகிதத்தைவிட அந்த சூட் மலிவு என்று தொலைக்காட்சியிலேயே கேலி செய்யும் நிலை வந்தது. 2015-இல் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அடுத்த காலாண்டில் விற்பனை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ஜனங்களுக்குத் தள்ளுபடிதான் வேண்டும் என்பதற்கு இதையும் சாட்சியாகக் காட்டலாம். அப்படி ஒரு பழக்கத்தை ஜனங்களுக்கு ஏற்படுத்தியது யார் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டத்தை மீறவில்லை என்பது என் இன்னொரு சாக்கு. எம்.ஆர்.பி. விதியில் எனக்கு இடம் இருந்தது. ஆனால் ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கிறது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பது நேர்மையற்ற வணிகம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2019-இல் வந்த புதிய சட்டத்தில் இருக்கிறது. 1986-ஆம் வருடச் சட்டத்திலேயும் இருந்தது. நான் செய்தது வார்த்தைக்கு வார்த்தை அதுதான். யாரும் வழக்குப் போடவில்லை, அவ்வளவே. எல்லாத் தள்ளுபடியும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதம் குறைத்தால் போன மாத விலையிலிருந்துதான் குறைக்கிறார்கள். என் கடையில் குறைவதற்கு அப்படி ஒரு விலையே இல்லை.

இப்போது ஒரே விலைதான் போடுகிறேன். நல்ல மனது வந்து நிறுத்தவில்லை. கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைனில் என்னைவிடப் பெரிய எண்ணை அடித்துவிட்டு என்னைவிடப் பெரிய சதவீதம் கொடுத்தார்கள். என்னால் போட்டி போட முடியவில்லை. தோற்றுப்போய் நிறுத்தினேன். துணியைப் பழைய தரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சட்டை 790 ரூபாய். உள்ளே வருகிறவர்கள் டேக்கைப் பார்த்துவிட்டு, “இதுல எவ்வளவு குறையும்?” என்கிறார்கள். குறையாது என்றால் நம்புவதில்லை. 790 என்பதையே ஏற்றி வைத்த விலை என்று நினைக்கிறார்கள். அவர்களை அப்படி நினைக்கப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை வரி 5 சதவீதம்தான் என்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே என் மனதில் ஒரு புது டேக் கணக்கு ஓடியது என்பதையும் மறைக்கவில்லை.

2018-க்கும் 2020-க்கும் நடுவில் எங்கள் கடையில் ‘பாதி விலை’க்குச் சட்டை எடுத்தவர்கள், நீங்கள் எதையும் மிச்சப்படுத்தவில்லை. முழு விலையைத்தான் கொடுத்தீர்கள். பழைய பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைக்கு வந்து என் முகத்துக்கு நேரே கேட்கலாம்.

அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை வீட்டாரில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. அந்தச் சட்டைகளில் 1,299 டேக்கைக் கட்டியது நான். உங்கள் சம்பந்திக்கு அது தெரியாது. கடையில் வேலை பார்த்தவரும் என் சொல்லுக்குத்தான் கட்டினார். உங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணிடம் இனி அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.